மூணாம் வகுப்புல நாலு மொழி: எங்கிருந்து தொடங்கறதுங்க?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. திருப்பூர்ப் பக்கம் ஒன்றியப் பள்ளி, மூணாம் வகுப்பு. 34 பிள்ளைங்க. அதுல 13 பேரு பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பம். மீதிப் பேர்லயும் நாலு வீட்டுல தெலுங்கு, ரெண்டு வீட்டுல கன்னடம்.

கேட்க வேண்டியது மூணு:

1. சொல்வதெழுதுதல்ல ஒரே மாதிரி தப்பு திரும்பத் திரும்ப வருது. மெதுவா கத்துக்கற பிள்ளையா, மொழி பிடிபடாத பிள்ளையான்னு எப்படிப் பிரிக்கறது?
2. சில பிள்ளைங்க "டீச்சர், நீ இங்க வா"ங்கறாங்க. மத்த பிள்ளைங்க சிரிக்குது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் இதை மரியாதைக் குறைவுன்னு எடுத்துக்கறாரு.
3. தீபாவளிக்கு ஊருக்குப் போனா ஒரு மாசம் ஆள் இல்ல. பெத்தவங்களோட பேசறதுக்கும் வழி தெரியல.

பொதுவான அறிவுரை வேண்டாமுங்க. நாளைக்கே வகுப்புல செய்யற மாதிரி இருந்தாச் சொல்லுங்க.

---

எழுத்தாணி:

முதல் வேலை: "இந்திக்காரப் பசங்க"ங்கற பட்டியலைக் கிழிச்சுப் போடுங்க. அந்த 13 பேர்ல எத்தனை பேர் வீட்டுல இந்தி பேசறாங்கன்னு தனித்தனியாக் கேளுங்க. ஒடிசாக் குடும்பம்னா ஒடியா, மேற்கு வங்கம்னா வங்காளம். பீகார்னா போஜ்புரி, மைதிலி, மகஹி மூணுல ஒண்ணா இருக்கலாம். ஜார்க்கண்டுன்னா சந்தாலி, ஹோ, முண்டாரி, சாத்ரி. இதுல சந்தாலி, ஹோ, முண்டாரி மூணும் இந்திக்குச் சொந்தமே இல்ல, வேற குடும்பம். சந்தாலிக்கு ஒல் சிக்கின்னு தனி எழுத்தே இருக்கு. 2003ல மைதிலியோட ஒட்டுக்கா அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையிலயும் சேர்ந்துச்சு. சந்தாலிப் பிள்ளைகிட்ட இந்தியில பேசிட்டு "அவங்க மொழியிலேயே கேட்டேன், அப்பவும் பதில் இல்ல"ன்னு எழுதி வெக்கறது ரொம்பச் சாதாரணமா நடக்கற தப்பு.

கேட்க வேண்டிய கேள்வி "உனக்கு என்ன மொழி தெரியும்?" இல்ல. "அம்மா உன்னை என்ன மொழியில திட்டுவாங்க?" இதுக்குத்தான் உண்மையான பதில் வரும்.

இப்ப சொல்வதெழுதுதல். தப்பை மொழிவாரியா அடுக்கிப் பாருங்க, பாதிக்கு மேல காரணம் தெரிஞ்சுடும்.

இந்தி எழுதப் படிச்ச பிள்ளை "மரம்" எழுதச் சொன்னா "மரம"ன்னு புள்ளி இல்லாம எழுதும். இந்தியில சொல்லோட கடைசி அகரம் ஒலிக்காது. புள்ளி வெக்காமலே அது மெய்யாத்தான் வாசிக்கப்படும். அது கவனக் குறைவு இல்ல, படிச்ச பாடத்தை ஒழுங்காக் கடைப்பிடிக்குது. அதே பிள்ளை "கெ"வைப் பார்த்து "கி"ன்னு வாசிக்கலாம். இந்தியில எழுத்துக்கு இடப்பக்கம் நிக்கற குறி குறில் இகரம் ஒண்ணுதான். வங்காளம், ஒடியா படிச்ச பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்ல. அங்க ஏகாரக் குறி இடப்பக்கம்தான், ஓகாரம் ரெண்டு பக்கமும் அணைச்சு நிக்கும், நம்ம "கொ" மாதிரியே. அவங்களுக்குக் கொம்பும் காலும் பழகின சங்கதி.

ஆனா அவங்களுக்கு வேற இடத்துல சறுக்கும். அந்த ரெண்டு மொழியிலயும் அகரம் ஏறக்குறைய ஒகரமா ஒலிக்கும். "கடல்" வாயில வரும்போது "கொடொல்" ஆயிடும். இ-ஈ, உ-ஊ எழுத்துல இருந்தாலும் பேச்சுல நீளம் பிரிக்கறதில்ல. அதனால "விடு"வும் "வீடு"ம், "குடை"யும் "கூடை"யும் அந்தக் காதுக்கு ஒண்ணு. வகரமும் பகரத்தோட பக்கம் சாயும். இந்திப் பிள்ளைக்கு இ-ஈ சிக்கல் இல்ல. எ-ஏ, ஒ-ஓ தான் சிக்கல், அங்க நெடில் மட்டும்தான் இருக்கு. "கொடு"வும் "கோடு"ம் ஒண்ணாக் கேட்கும்.

இன்னொண்ணு, எல்லாருக்கும் பொது: அந்த மொழிகள்ல க-வுக்கு நாலு எழுத்து. நம்ம ஒரே "க"வைப் பார்த்தா எந்தக் கன்னு முழிக்கும். விதியைச் சொல்லிக் கொடுத்துடுங்க. சொல்லுக்கு முதல்ல வந்தாலும், இரட்டிச்சாலும் வல்லோசை: கல், பக்கம். மெல்லின மெய்க்குப் பின்னால வந்தா மெல்லோசை: தங்கம், பம்பரம். விதின்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாலே பயம் போயிடும்.

பயிற்சி: ஆறு ஜோடி அட்டை போதும். கொடு-கோடு, தொடு-தோடு, எடு-ஏடு, பெட்டி-பேட்டி, விடு-வீடு, குடை-கூடை. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் படம். குறிலுக்கு விரலை ஒரு தடவை சொடுக்கணும், நெடிலுக்கு ரெண்டு. கைநொடி ஒரு மாத்திரைன்னு நம்ம இலக்கணத்துலயே இருக்கறதுதான். தினமும் அஞ்சு நிமிஷம், வகுப்பு முழுக்க. அந்த 13 பேரை மட்டும் நிறுத்திச் செய்யாதீங்க, அதுவே ஒரு முத்திரை ஆயிடும். உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கும் இது நட்டமில்ல.

மெதுவா கத்துக்கற பிள்ளையான்னு பார்க்கத் தமிழை விட்டுட்டுக் கணக்கைப் பாருங்க. எழுத்து இல்லாத கணக்கு: 47ல இருந்து 19 போனா எவ்வளவு, இலக்கத்துல. அங்க வேகமாப் போட்டா அறிவுல குறையில்ல. சொல்லப்போனா தமிழ் எண்ணுப்பெயர் அவங்களுக்கு வரம். இந்தியில நூறு வரைக்கும் கிட்டத்தட்ட ஒவ்வொண்ணும் தனிப் பேரு, நம்மகிட்ட இருபத்தி மூணு, முப்பத்தி மூணுன்னு அடுக்கினாப் போதும். ஒரே கண்ணி ஒன்பது: 9 ஒன்பது, 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். அதை மட்டும் பலகையில எழுதி ஒட்டுங்க.

எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிக்கறப்ப தமிழ்ல அரும்பா இருக்கற பிள்ளையைக் கணக்குலயும் அரும்புல தள்ளாதீங்க. ரெண்டுக்கும் தனித்தனி நிலை போடலாம்.

கடைசியா ஒண்ணு. புதுசா வந்த பிள்ளை ரெண்டு மூணு மாசம் வாயே திறக்காம இருக்கலாம். அந்தக் காலத்துல காது வேலை செஞ்சுட்டுத்தான் இருக்கும். எந்திரிச்சு நிக்க வெச்சுப் பதில் கேட்காம, கைகாட்டு, படத்தைத் தொடு, எடுத்து வா மாதிரிக் கட்டளை கொடுத்துப் பாருங்க. செஞ்சா, புரியுதுன்னு அர்த்தம்.

---

காங்கேயம் களம்:

கேள்வி 2: "நீ வா"ங்கறதுக்குக் காரணம் எளிது. அந்தப் பிள்ளை தமிழைப் பாடப் புத்தகத்துல இருந்து கத்துக்கல, லைன் வீட்டு வாசல்ல கூட விளையாடற பசங்ககிட்ட இருந்து கத்துக்குச்சு. பசங்க அதுகிட்ட "வாடா, போடா, நீ"ன்னுதான் பேசுவாங்க. "வாங்க"ங்கற வடிவத்தை யாரும் அது முகத்தைப் பார்த்துச் சொன்னதே இல்ல. இந்தியிலயும் வங்காளத்துலயும் ஒடியாவுலயும் மரியாதைக்கு மூணு படி இருக்கு, பிள்ளைக்கு அது நல்லாவே தெரியும். தமிழ்ல அந்தப் படி எங்க இருக்குன்னுதான் தெரியல.

சரி பண்ணத் திட்டவும் வேண்டாம், எல்லார் முன்னாலயும் திருத்தவும் வேண்டாம். பிள்ளை "டீச்சர், நீ வா"ன்னா "வாங்க டீச்சரா? இதோ வர்றேன் கண்ணு"ன்னு சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லிட்டு வேலையைப் பாருங்க. கூடவே நீங்க பிள்ளைங்களை "வாங்க, உட்காருங்க, எடுங்க"ன்னு கூப்பிடத் தொடங்குங்க. நம்மூர்ல சின்னப் பிள்ளையைக் கூட ங்க போட்டுப் பேசறது வழக்கம்தானுங்களே, பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சதும் ஏன் மறந்து போகுதோ!

சிரிக்கற பிள்ளைங்களுக்கும் ஒரு வேலை. புத்தகத்துல "வீடு", நம்ம வாயில "ஊடு". புத்தகத்துல "தட்டு", இங்க "வட்டல்". "மாலை"க்கு நாம "பொழுதோட"ம்போம். பலகையில மூணு பத்தி போடுங்க: புத்தகச் சொல், நம்மூர்ச் சொல், உங்க வீட்டுச் சொல். வாரம் ஆறு சொல். மூணாவது பத்தியில தெலுங்கும் கன்னடமும் ஒடியாவும் ஒட்டுக்கா ஏறும். உள்ளூர்ப் பிள்ளையும் புத்தகத் தமிழைக் கத்துக்கத்தான் வந்திருக்குங்கறது அப்ப அதுக்கே தெரியும்.

பேரு விஷயத்துல கவனம். வங்காள, ஒடியாப் பேருகள்ல "பிகாஷ்" "பினோத்"னு இருந்தா அது அவங்க உச்சரிப்பு. "விகாஷ்"னு நீங்களாத் திருத்தாதீங்க. எமிஸ்ல (பிள்ளைங்க விவரம் ஏத்தற அரசு இணையப் பதிவு) ஆங்கில எழுத்து ஆதார்ல இருக்கறபடி அட்சரம் பிசகாம இருக்கணும். தமிழ் எழுத்து பெத்தவங்க கூப்பிடற மாதிரி. அவங்களுக்கு முன்னெழுத்து வழக்கம் கிடையாது, பின்பேருதான். அப்பா ரமேஷ் மாஜி, மகள் பூஜா மாஜின்னா, இங்க "பூ. மாஜி"ன்னு பதிஞ்சு வகுப்புல "மாஜி"ன்னு கூப்பிடறது நடக்குது. அது குடும்பத்துப் பேரு, பல சமயம் சாதியையும் சொல்லிடும். கூப்பிட வேண்டியது பூஜான்னு. இப்ப விட்டாப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல வந்து நிக்கும், அப்பத் திருத்த அலைய முடியாது.

எண்ணெய் வாசம்னு கேலி வரும். அவங்க வீட்டுல தலைக்கும் உடம்புக்கும் சமையலுக்கும் கடுகு எண்ணெய். சூழ்நிலையியல் பாடத்துல தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய், கடுகு எண்ணெய் நாலையும் மூடி போட்ட சின்னக் குப்பியில வெச்சு மோந்து பார்க்க வெச்சுடுங்க. கொப்பரைக் களம் இருக்கற ஊர்ல தேங்காய் எண்ணெய் நமக்கு வாசம், வேற ஊர்க்காரனுக்கு அதுவும் நாத்தம்தான்.

---

பஸ்_நம்பர்_7:

எல்லாம் சரி. ஆனா நம்மூருக்கு வந்தா நம்ம மொழியைக் கத்துக்க வேண்டியது அவங்க பொறுப்பு. ஆசிரியர் அஞ்சு மொழி படிச்சுட்டா பாடம் நடத்துவாங்க?

---

எழுத்தாணி:

தமிழ் கத்துக்கணுமாங்கறதுல சண்டையே இல்லைங்க. 2006ஆம் வருஷத் தமிழ் கற்றல் சட்டப்படி இங்க படிக்கற பிள்ளை தமிழ் படிச்சே ஆகணும். எப்படிக் கத்துக் கொடுக்கறதுங்கறதுதான் கேள்வி. ஆசிரியர் ஒடியா பேச வேண்டியதில்ல. ஒடியாப் பிள்ளை எங்க சறுக்கும்னு தெரிஞ்சாப் போதும். ஒரு பக்கத் தாள் சமாச்சாரம்.

இன்னொண்ணு. "நல்லாத்தான் தமிழ் பேசறானே, பரீட்சையில ஏன் எழுத மாட்டேங்கறான்"னு ஒரு குறை அடிக்கடி வருது. டொராண்டோ கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979லயே இந்த ரெண்டையும் பிரிச்சார்: விளையாட்டு மொழி ரெண்டு வருஷத்துல வந்துடும், பாட மொழிக்கு அஞ்சுல இருந்து ஏழு வருஷம் ஆகும். கடையில பேரம் பேசற தமிழும் "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன" தமிழும் வேற வேற. வாய்ப்பேச்சைப் பார்த்து ஏமாந்து உதவியை நிறுத்திடறதுதான் நாலாம் அஞ்சாம் வகுப்புல நடக்கற கோளாறு.

மும்பை தாராவியில நம்ம பிள்ளைங்களுக்கு மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளி நடத்துச்சுங்கறதையும் ஓரமா வெச்சுக்கலாம்.

---

அவிநாசி ரோடு:

கேள்வி 3. சேர்க்கையில இருந்து சொல்றேன், ஏன்னா பாதிச் சிக்கல் அங்கதான் விதைக்கறோம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009. பிரிவு 5: டி.சி. தாமதமாகுதுன்னு சேர்க்கையைத் தள்ளக் கூடாது. வெளிமாநிலத்துல இருந்து வந்தாலும் இது பொருந்தும். பிரிவு 14: வயசுச் சான்று இல்லைங்கறதுக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. பிரிவு 4: வயசுக்கேத்த வகுப்பு, கூடச் சிறப்புப் பயிற்சி. பிரிவு 9ல இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைங்களைச் சேர்க்கறது உள்ளாட்சியோட கடமைன்னே தனியா இருக்கு. "தமிழ் தெரியல, ஒண்ணாவதுல போடு"ன்னு ஒன்பது வயசுப் பிள்ளையை ஆறு வயசோட உட்கார வெச்சா, ரெண்டு வருஷத்துல அது கம்பெனிக்குக் கைமடி எடுபிடி வேலைக்குப் போயிடும்.

பீகார், ஒடிசாவுல கல்வியாண்டு ஏப்ரல்ல தொடங்கும், நமக்கு ஜூன். நடுவுல வந்த பிள்ளை ரெண்டு மாசப் பாடத்தை அங்க முடிச்சிருக்கலாம், இல்ல ரெண்டு இடத்துலயும் விட்டிருக்கலாம். பழைய நோட்டைக் கொண்டு வரச் சொல்லுங்க. எழுத்து புரியலைன்னாலும் கணக்கு நோட்டு பேசும்.

விடுப்பு விஷயம்: நாள்காட்டியில முன்கூட்டியே குறிச்சுக்கங்க. பீகார்க் குடும்பத்துக்குத் தீபாவளியை விடச் சத் பூஜை பெரிசு, தீபாவளி முடிஞ்சு ஆறாம் நாள். மேற்கு ஒடிசாவுக்கு நுவாகாய், பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். கடற்கரை ஒடிசாவுக்கு ஜூன் நடுவுல ரஜ, நமக்குப் பள்ளி திறக்கற சமயம். வங்காளத்துக்குத் துர்கா பூஜை. ஹோலி மார்ச்சுல, நம்ம பரீட்சைக்கு முன்னால. தன்பாத்-ஆலப்புழை வண்டி மாதிரி நேர் வண்டி இருந்தாலும் ரெண்டு நாள் பயணம், டிக்கெட் கிடைச்ச தேதிக்குத்தான் திரும்புவாங்க. "நாலு நாள் லீவு"ன்னு எழுதிக் கொடுத்தாலும் மூணு வாரம்னு நீங்களே கணக்கு வெச்சுக்கங்க.

போறதுக்கு முந்தின வாரம் மூணு கேள்வி: எந்தத் தேதி, எந்த ஊரு, திரும்பி இதே வீட்டுக்கா? 20 பக்கப் பயிற்சித் தாள் ஒண்ணு கட்டிக் கொடுங்க, பாதி கணக்கு, பாதி படம் பார்த்துச் சொல் எழுதறது. எமிஸ்ல அவசரப்பட்டுக் காமன் பூலுக்கு (பள்ளியை விட்டுப் போன பிள்ளைங்க பட்டியல்) தள்ளிடாதீங்க. திரும்பி வந்ததும் மறுபடி இழுக்கற வேலையில பிள்ளை ஒரு வாரம் வாசல்ல நிக்கும். பண்ணாரி கோயில் குண்டம் திருவிழாவுக்கும் ஊர் நோம்பித் திருவிழாவுக்கும் உள்ளூர்ப் பிள்ளை நாலு நாள் வராட்டி நாம கேட்கறதில்ல, அதையும் நெனச்சுக்கங்க.

பெத்தவங்க கூட்டம் வெள்ளிக்கிழமை மூணு மணிக்குன்னா யாரும் வர மாட்டாங்க. ஒன்றரை ஷிப்ட் முடியவே ராத்திரி எட்டரை ஆகும், அரை நாள் போட்டாச் சம்பளம் போச்சு. ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி, அரை மணி நேரம், அதுவும் லைன் வீட்டுப் பக்கமாவே வெச்சாக் கூட்டம் சேரும். எழுத்துல சீட்டு அனுப்பாதீங்க, வாட்ஸ்அப்ல 30 விநாடிக் குரல் பதிவு. ஒரு பதிவுக்கு ஒரே செய்தி.

மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடறதுங்கறது முக்கியம். ஆள் கூட்டி வந்த ஏஜென்டைக் கூப்பிட்டா அம்மா வாயே திறக்காது, அவங்க முன்பணம் அந்தாள் கையில. பிள்ளையைப் பத்தின புகாரை அந்தப் பிள்ளையையே மொழிபெயர்க்க விட்டா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். ஆறாவது ஏழாவது படிக்கற வேற வீட்டுப் பிள்ளை, நல்ல செய்திக்கு மட்டும். சிக்கலான பேச்சுக்கு ரெண்டு மூணு வருஷமா இங்கயே இருக்கற இன்னொரு அம்மா. பள்ளி மேலாண்மைக் குழுவுல நான்கில் மூன்று பங்கு பெத்தவங்கதான். அதுல ஒரு இடம் அந்த அம்மாவுக்குன்னு முயற்சி பண்ணுங்க.

---

திம்பம் வளைவு:

அந்த ரெண்டு கன்னட வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரு குறுக்கு வழி. தமிழ்ல சொல் முதல்ல ப வர்ற இடத்துல கன்னடத்துல பெரும்பாலும் ஹ வரும். பால்-ஹாலு, பல்-ஹல்லு, பூ-ஹூ, பத்து-ஹத்து. இந்த நாலைக் காட்டினா அஞ்சாவதை அதுங்களே கண்டுபிடிக்கும். தாளவாடிப் பக்கம் சோளகர் பிள்ளைங்களுக்கும் இது உதவும், அவங்க பேச்சு கன்னடத்துக்கு நெருக்கம்.

---

வேப்பமரத்தடி:

வெளிமாநிலப் பிள்ளைங்களைப் பத்தி இவ்வளவு பேசிட்டு, கேள்வியில இருந்த நாலு தெலுங்கு வீட்டை எல்லாரும் தாண்டிட்டீங்க. கொங்குல வீட்டுல தெலுங்குன்னா அருந்ததியர் குடும்பமா இருக்கலாம், நாயக்கர், நாயுடுவாகவும் இருக்கலாம். ஒரே மொழி, வகுப்புல கிடைக்கற மரியாதை மட்டும் வேற. அதனாலதான் வீட்டு மொழியை வகுப்புல சத்தமாக் கேட்கக் கூடாது. தனியாக் கேட்டுக் குறிச்சுக்கணும். எழுத்தாணி சொன்ன "என்ன மொழியில திட்டுவாங்க" கேள்விக்கும் இது பொருந்தும். அந்த மூணு பத்திப் பலகையிலயும் யார் வீட்டுச் சொல்லுன்னு பேரு போடாதீங்க.

உதவித்தொகைப் படிவம் வந்ததும் "எஸ்.சி. பசங்கெல்லாம் எந்திரிங்க"ங்கறது இன்னும் நிக்கல. எமிஸ்ல பட்டியல் இருக்கு, படிவத்தை மடிச்சுப் பைக்குள்ள வெச்சு அனுப்பினாப் போதும். "அப்பா என்ன வேலை", "எந்தத் தெரு" ரெண்டும் இங்க சாதி கேட்கற கேள்விங்க. காலனிங்கற சொல்லை அரசு ஆவணத்துல இருந்து எடுக்கறதா 2025 ஏப்ரல்ல சட்டமன்றத்துலயே அறிவிச்சாச்சு, வருகைப் பதிவேட்டுல மட்டும் அந்தச் சொல்லு ஏன் இருக்கணும்? சாதி அடையாளமா வர்ற கைக்கயிறு, நெத்திக்குறி பத்தி நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூன்ல கொடுத்த அறிக்கையைப் படிங்க.

தண்ணிக் குடம் பத்தி ஒரு எச்சரிக்கை. நம்ம பிள்ளைங்க அண்ணாந்து குடிக்கும், வெளிமாநிலப் பிள்ளைங்கள்ல சிலது சொம்பை வாயில வெச்சுக் குடிக்கும். "எச்சப் பண்ணிட்டான்"னு சத்தம் கிளம்பும். சுத்தம்னு தொடங்கற இந்தப் பேச்சு ஒரே வாரத்துல "அவங்க தொட்டா நாங்க குடிக்க மாட்டோம்"னு முடியும், அப்புறம் அது யார் மேல திரும்பும்னு உங்களுக்கே தெரியும். ஆளுக்கொரு பாட்டில், இல்லாத பிள்ளைக்குப் பள்ளியிலயே பேரு எழுதின டம்ளர். டம்ளர் எல்லாம் ஒரே இடத்துல, ஒரே மாதிரி.

முட்டை: சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. ஏன் சாப்பிடலைன்னு விசாரிக்க வேண்டியதில்ல. புரட்டாசியில நம்ம பிள்ளைங்களும்தான் தொடாது.

---

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. ஆறு ஜோடி அட்டை இன்னிக்குப் பொழுதோட எழுதிடறேன். ஒரு சின்னச் சந்தேகம்: பீகார்ப் பையன் ஒருத்தன் திங்கக்கிழமை மொட்டை போட்டு வந்திருக்கான். "பழனிக்குப் போனியா"ன்னு பசங்க கேட்டாங்க, பேசவே மாட்டேங்கறான். மொழிச் சிக்கல்தானுங்களா?

---

காங்கேயம் களம்:

இருக்காதுங்க. நமக்கு மொட்டைன்னா நேர்த்திக்கடன். அந்தப் பக்கம் வீட்டுல சாவு விழுந்தா ஆம்பளைங்க மொட்டை போடுவாங்க, சின்னப் பசங்க உட்பட. பின்னால குடுமி மாதிரிக் கொஞ்சம் முடி விட்டிருக்கான்னு பாருங்க. விட்டிருந்தா யாரோ தவறியிருக்க நெறைய வாய்ப்பு. பையனைக் கேட்காதீங்க, இன்னிக்கு எட்டரைக்கு மேல அப்பாவுக்கு ஒரு போன் போடுங்க. பசங்களைத் தனியாக் கூப்பிட்டு மொட்டையைத் தட்டி விளையாட வேண்டாம்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க.